ஒரு கீச்சுச் சத்தமும் பிரேக்கின் வரலாறும்



இரண்டு மாதங்களாக நம் வளாகத்துக்குள் நான் வருவதை வாட்ச்மேனுக்குத் தெரிவித்தது ஹாரன் அல்ல, காரின் முன் சக்கரம். கேட்டுக்குப் பக்கத்து வேகத்தடையில் பிரேக்கை மிதித்தவுடன் கீச்சென்று ஒரு சத்தம் வரும். "சார் வந்துட்டாரு" என்று அவர் எழுந்து கேட்டைத் திறப்பார். வசதியாகத்தான் இருந்தது. ஆனால் விடுமுறைக்கு வந்திருந்த என் மாப்பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டதும், "மாமா, பேட் முடிஞ்சு போச்சு. இனி ஓட்டினா டிஸ்க்கும் போயிடும்" என்றார். இன்ஜினியரிங் கம்பெனியில் வேலை பார்ப்பவர். வெளியே கொடுக்க வேண்டாம், நாமே மாற்றிவிடலாம் என்றும் சொன்னார்.

அப்படித்தான் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செயலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கார் கழுவும் இடத்தில் ஜாக்கி போட்டோம். டார்ச் பிடிப்பது, போல்ட்டுகளைத் தட்டில் வரிசையாக வைப்பது, "பார்த்து, பார்த்து" என்று சொல்வது ஆகியவை என் பொறுப்பு. அன்று வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தச் சிறிய பேடின் கதையைச் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்த பிறகு ஒரு மாதம் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். பி.காம். படித்து 34 வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவனுக்கு இது புதிய பாடம்.

கழற்றிய பேடைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓர் இரும்புத் தகடு, அதன் மேல் கறுப்பாக ஒட்டியிருக்கும் ஒரு பொருள். புதிய பேடில் அந்தக் கறுப்பு 10 மில்லிமீட்டர் இருந்தது. என் வண்டியில் கழற்றியதில் 2 மில்லிமீட்டர் கூட இல்லை. மற்ற பாகங்கள் தேயாமல் இருக்க வேண்டும் என்று செய்யப்படுகின்றன. இது ஒன்று மட்டும் தேய்வதற்காகவே செய்யப்படுகிறது. தேய்ந்தால்தான் வண்டி நிற்கும்.

இப்படித் தேய்வதற்கென்று தனியாக ஒன்றை ஒட்டலாம் என்று காரில் முதலில் செய்து காட்டியவர் ஒரு பெண்மணி. 1886 ஜனவரியில் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்கு ஜெர்மனியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வண்டி இருந்தது, வாங்க ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் ஊரிலிருந்து போர்ஸ்ஹைமில் உள்ள தாய்வீட்டுக்கு அந்த வண்டியிலேயே கிளம்பிவிட்டார். ஏறக்குறைய 105 கிலோமீட்டர். பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

மேடு ஏறினால் இறங்கத்தானே வேண்டும்? அந்த வண்டியில் பிரேக் என்பது ஒரு நெம்புகோலும் மரக்கட்டையும்தான். இறக்கத்தில் இழுத்து இழுத்துக் கட்டை தேய்ந்து போயிற்று. பெர்த்தா வழியில் ஒரு கிராமத்தில் செருப்புத் தைப்பவரைப் பிடித்து, கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். தோல் தேய்ந்தால் தோலை மாற்றலாம், கட்டை பிழைக்கும். கார் பிரேக்கின் முதல் லைனிங் அதுதான் என்கிறார்கள். அந்தச் செருப்புத் தைப்பவர் பெயரை நான் படித்த எதிலும் காணோம்.

இங்கே ஒரு வங்கிக்காரனின் இடைச்செருகல். கல்யாணத்துக்கு முன்பே, 1871-ல், கார்லின் கூட்டாளியை விலக்க வேண்டி வந்தபோது பணம் கொடுத்தவர் பெர்த்தாதான், தனக்கு வர வேண்டிய சீர்ப்பணத்திலிருந்து. அந்த முதலீட்டுக்கு எந்த வங்கியிலும் கடன் கிடைத்திருக்காது. நானே அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த அம்மாள் 95 வயது வரை, 1944 வரை, வாழ்ந்தார்.

அதே 1888-ல்தான் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடித்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். சவாரி சுகமாயிற்று, பிரேக்குக்குத் தலைவலி ஆரம்பித்தது. இரும்புப் பட்டை போட்ட சக்கரத்தின் விளிம்பில் கட்டையை அழுத்தலாம். ரப்பர் டயரில் அழுத்தினால் நிற்பதற்குள் டயர் நாசமாகிவிடும். எனவே டயரை விட்டுவிட்டு, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வேறொன்றைப் பிடிக்க வேண்டியதாயிற்று. சக்கரத்தோடு ஒரு டிரம்மைச் சேர்த்து, அதைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கினார்கள். வெளியே இருந்த பட்டையில் சேறும் தண்ணீரும் புகுந்து வழுக்கியது. 1902-ல் பிரான்சில் லூயி ரெனோ, பிடிக்கும் ஷூக்களை டிரம்முக்கு உள்ளே வைத்து வெளிப்பக்கமாக விரியச் செய்தார். நம் ஸ்கூட்டரிலும் அம்பாசடரிலும் இருந்தது அதன் வாரிசுதான்.

அதே 1902-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்பவர் வேறு மாதிரி யோசித்தார். சக்கரத்தோடு சுற்றும் ஒரு தட்டு. அதன் இரு பக்கமும் இரண்டு துண்டுகள் நெருங்கி வந்து, ரூபாய் நோட்டை இரு விரலால் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். இன்று நம் கார்களில் இருப்பது இதேதான். அவர் காலத்தில் இது ஓடவில்லை. பிடிக்கும் துண்டு செம்பு, தட்டும் உலோகம். பிரேக் போட்டால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குக் கிறீச்சிட்டது. அன்றைய மண் சாலைப் புழுதியில் செம்பும் சீக்கிரம் தேய்ந்தது. அரை நூற்றாண்டு முந்திப் பிறந்த யோசனை. அன்று லான்செஸ்டருக்குத் தொல்லை கொடுத்த சத்தத்தை இன்று வேண்டுமென்றே வைக்கிறார்கள் என்பது வேடிக்கை. பேடின் ஓரத்தில் ஒரு சிறு தகடு நீட்டிக்கொண்டிருக்கிறது. பேட் தேய்ந்து குறைந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடுகிறது. இரண்டு மாதமாக என் வண்டி கத்தியதும் அதனால்தான். நான்தான் வாட்ச்மேனுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, எதைக் கொண்டு பிடிப்பது? இங்கிலாந்தின் டெர்பிஷைர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்று ஒருவர். குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பிரேக் கட்டையின் மேல் பழைய செருப்பை அடித்துக்கொண்டு ஓட்டுவதை அவர் பார்த்தாராம். மறுபடியும் செருப்புதான்! வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து, துணியையும் தாரையும் பிசினையும் சேர்த்து அழுத்தி, செருப்பைவிட நல்லதாக ஒன்றைச் செய்ய 1897-லிருந்து முயன்றார். தன் பெயரின் எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அவர் வைத்த பெயர் ஃபெரோடோ. இன்றும் அந்தப் பெயரில் பேட் விற்கிறது. வீட்டுக் கொட்டகையில் பிறந்த பொருளை வீட்டு வாசலில் மாற்றக்கூடாது என்று சொல்லும் அன்பர்கள் இதைக் கவனிக்கவும்.

துணி சூட்டில் கருகியது. கார்கள் வேகமாக ஓட ஆரம்பித்ததும் ஃப்ரூட் 1908 வாக்கில் ஆஸ்பெஸ்டாஸுக்கு மாறினார். பஞ்சு போல நூற்கலாம், நெய்யலாம், எரியாது, விலையும் குறைவு. உலகம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. அடுத்த அறுபது எழுபது வருடங்களுக்குப் பிரேக் லைனிங் என்றாலே ஆஸ்பெஸ்டாஸ்தான்.

அது நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் நூற்கும் ஆலையில் சிறு வயதிலேயே வேலைக்குச் சேர்ந்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-ல் 33 வயதில் இறந்தார். வில்லியம் குக் என்ற மருத்துவர் அவர் நுரையீரலைச் சோதித்து, அந்தத் தூசுதான் காரணம் என்று அதே வருடம் மருத்துவ இதழில் எழுதினார். கம்பெனி நஷ்டஈடு கொடுக்கவில்லை. 1931-ல் ஆலைகளில் தூசைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. ஆனால் ஆலைக்கு வெளியே, தெருவோரப் பட்டறையில் டிரம்மைத் திறந்து ஊதுபவரைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை. இங்கிலாந்து இதை முழுவதுமாகத் தடை செய்தது 1999-ல், நெல்லி இறந்து 75 வருடம் கழித்து. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-ல். நம் நாட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை இன்றுவரை இல்லை.

இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரணம் ஒரு பழைய ஞாபகம். எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கிளையில் நான் கிளார்க். சரக்கு ஈட்டுக் கடன் வாங்கிய பட்டறைகளுக்கு மாதம் ஒரு முறை அதிகாரி ஸ்டாக் பார்க்கப் போவார். ரிஜிஸ்டர் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். அதில் ஒன்று லாரி பிரேக் ஷூவுக்குப் பழைய லைனிங்கைப் பெயர்த்துப் புதியதை ரிவெட் அடிக்கும் இடம். ஷூவைச் சாணைக்கல்லில் உரசுவார்கள், பிறகு ஏர் அடிப்பார்கள். சாம்பல் நிறத் தூசு ஓட்டுக் கூரை வரை எழும்பி வெயிலில் மினுக்கும். வேலை செய்தவர்கள் முகத்தில் துண்டு மட்டும் கட்டியிருப்பார்கள். பாதி நாள் அதுவும் இருக்காது. நாங்கள் தகடுகளை எண்ணி, லைனிங் பெட்டிகளை எண்ணி, ரிஜிஸ்டரில் தூசைத் தட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வருவோம். அங்கே சாணை பிடித்தவர் ஒருவர் எங்களிடம் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தார். கவுன்டரில் டோக்கன் நம்பர் கூப்பிடும் முன்பே அவர் இருமலை வைத்து அவர் வந்திருப்பது தெரிந்துவிடும். பீடியும் குடிப்பார். எது காரணம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஐம்பது வயதுக்குள் அந்தக் கணக்கு அவர் மனைவி பெயருக்கு மாறியது. நாமினிப் படிவத்தை நிரப்பியது நான்தான். எத்தனை பெட்டி லைனிங் இருக்கிறது என்று மாதாமாதம் எண்ணிய எங்களில் ஒருவருக்கும் அந்தத் தூசு எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

இனி சூட்டுக்கு வருகிறேன். பிரேக் என்பது உண்மையில் வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி என்று மாப்பிள்ளை சொன்னார். கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன். 1,000 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் வெளிவரும் சூடு, அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் கிட்டத்தட்டப் போதும். வீட்டுக்கே டிகாக்‌ஷன் போட்டுவிடலாம். வேகம் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்கு. கந்துவட்டி கூட இவ்வளவு வேகமாக ஏறாது. இத்தனையும் ஒரு சில நொடிகளில் கையகல பேடுகள் வழியாகப் போகிறது.

மூடிய டிரம்முக்குள் இந்தச் சூடு சிக்கிக்கொள்ளும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் இன்னும் ஆழமாகப் போகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். கிளை நண்பர்களோடு வாடகை அம்பாசடரில் கொல்லிமலை போய்த் திரும்பும்போது, 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்குவதற்குள் கருகிய வாசனை. டிரைவர் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அரை மணி நேரம் நின்றார். பசி நேரத்தில் நிறுத்துகிறாரே என்று நாங்கள் முணுமுணுத்தோம். அன்று எங்கள் உயிரைக் காப்பாற்றியவர் அவர் என்று நாற்பது வருடம் கழித்து இப்போதுதான் புரிகிறது.

திறந்த காற்றில் சுற்றும் டிஸ்க் சீக்கிரம் ஆறும். சூட்டில் அது தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும். விமானச் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் செய்துவந்த டன்லப் கம்பெனி, ஜாகுவாரோடு சேர்ந்து அதைக் காருக்குக் கொண்டுவந்தது. 1952-ல் பிரான்சின் ரேம்ஸ் நகரப் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவாரில் ஜெயித்தார். அடுத்த வருடம் 24 மணி நேர லே மான்ஸ் பந்தயம். நீண்ட நேர் சாலையில் 240 கிலோமீட்டர் அளவில் பறந்து வந்து முனையில் சட்டென்று திரும்ப வேண்டிய இடம் அங்கே உண்டு. டிரம் பிரேக் கார்கள் வெகு முன்னதாகவே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜாகுவார் ஓட்டியவர்களால் இன்னும் கொஞ்ச தூரம் துணிந்து போய்ப் பிறகு மிதிக்க முடிந்தது. டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் ஓட்டிய கார் முதலாவதாக வந்தது. வேகமாக ஓட்டுவதற்கு நன்றாக நிறுத்தத் தெரிய வேண்டும் என்பதை அன்று எல்லாக் கம்பெனிகளும் பார்த்தன. 1955-ல் பிரான்சின் சிட்ரோயன் டி.எஸ். கார் முன் சக்கர டிஸ்க் பிரேக்கோடு வந்தது. பிறகு படிப்படியாகச் சாதாரணக் கார்களுக்கும் இறங்கியது.

மிதிப்பதை நான்கு சக்கரத்துக்கும் சமமாகக் கொண்டுபோகும் எண்ணெய் முறை அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் கண்டது. 1921-ல் டியூசன்பெர்க் காரில் வந்தது. விமானக் கம்பெனி லாக்ஹீட் இருக்கிறதே, அதே சகோதரர்கள்தான். நம் பக்கம் பாடியில் 1962-ல் இங்கிலாந்தின் லூகாஸ் குழுமத்தோடு சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. சென்னையைச் சுற்றி பிரேக் பாகம் செய்யும் சிறு பட்டறைகள் இத்தனை முளைத்ததற்கும், எங்கள் கிளையில் பில் டிஸ்கவுன்ட் கவுன்டரில் எப்போதும் கூட்டம் இருந்ததற்கும் இப்படிப்பட்ட ஆலைகள்தான் காரணம்.

இனி நம் கார் கழுவும் இடம். டிஸ்க்கை வெர்னியர் வைத்து அளந்தார் மாப்பிள்ளை. புதிதாக இருந்தபோது 20 மில்லிமீட்டர், 18-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது. எங்களுடையது 17.6. பி.காம். மொழியில் சொன்னால் பேட் வருவாய்ச் செலவு, டிஸ்க் மூலதனச் செலவு. அதன் தேய்மானத்துக்கு அனுமதி 2 மில்லிமீட்டர்தான், மீதி 18-ம் பழைய இரும்பு விலை. ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

புதிய பேட் தடிமனானது என்பதால் காலிப்பரில் உள்ள பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளினோம். எல்லாம் பூட்டி, சக்கரத்தை மாட்டி, மாப்பிள்ளை கை கழுவப் போனார். வண்டியை என் இடத்தில் விடலாம் என்று நான் ஏறி ஸ்டார்ட் செய்து பின்னால் எடுத்தேன். அந்த இடம் லேசான சரிவு என்பது உங்களுக்குத் தெரியும். பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரை போயிற்று. ஒன்றுமே இல்லை. பழக்கத்தில் கை ஹேண்ட்பிரேக்கை இழுத்தது, வண்டி நின்றது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டடி தள்ளி ஒரு குழந்தையின் சைக்கிள். நல்லவேளை, சைக்கிள் மட்டும்தான் இருந்தது.

பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி இருக்கும். வண்டி நகரும் முன் பெடலை நாலைந்து தடவை மிதித்து மிதித்து அது கெட்டியாகும் வரை ஏற்ற வேண்டும். மாப்பிள்ளை எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. "நான் வர்றதுக்குள்ள ஏன் மாமா எடுத்தீங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அன்று குழுவில் "பார்க்கிங்கில் மெக்கானிக் வேலை ஆபத்து" என்று எழுதிய பி பிளாக் நண்பரிடம் நான் கோபமாகப் பதில் எழுதினேன். சைக்கிள் விஷயம் அவருக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். அவர் சொன்னதில் பாதி சரி.

மீதிப் பாதி பற்றி ஒன்று. நாங்கள் தூசை ஊதவில்லை. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டித்தான் போட்டோம். வாங்கிய பேட் பெட்டியிலும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தே வாங்கினோம். ஆனால் நம் வளாகத்தில் வாரம் ஒரு முறை டிரைவர்கள் சக்கரத்தைப் புளோயர் வைத்து ஊதுகிறார்கள், அதுவும் குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் மாலை நேரத்தில். எந்தக் காரில் எந்தக் கம்பெனி பேட், அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புளோயருக்குப் பதில் தண்ணீரும் ஈரத் துணியும் மட்டும் என்று விதி போடச் செயற்குழுவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் வருகிறது.

கழற்றிய டிஸ்க் இரண்டும் தேய்ந்த பேடுகளும் எங்கள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டின் கீழே இருக்கின்றன. "இதை எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டு வந்தீங்க?" என்று தினமும் கேள்வி வருகிறது. இம்மாதக் கடைசி ஞாயிறு காயலான் கடைக்காரர் வருகிறார். பார்க்க விரும்பும் பிள்ளைகள், பெரியவர்கள் அதற்குள் சி பிளாக் முதல் மாடிக்கு வரலாம். வெர்னியரும் எடுத்து வைத்திருக்கிறேன், நீங்களே அளந்து பார்க்கலாம்.